நனைந்ததை மேலே வையுங்கள்

 

  

இன்று நம் வீடுகளில் அரிசி முதல் ஆடை வரை, மருந்து முதல் முஸல்லா வரை ஆர்டர் மூலமாக வந்து சேர்கின்றன. ஒரு பட்டனை அழுத்துகிறோம், பணம் போய்விடுகிறது, பொருள் வரும் என்று வாசலைப் பார்த்துக் காத்திருக்கிறோம். வந்தால் சந்தோஷம். வராவிட்டால் யாரிடம் கேட்பது? விற்றவர் ஒருவர், பணம் வாங்கியவர் இன்னொருவர், கிடங்கு வைத்திருப்பவர் மற்றொருவர், கொண்டு வருபவர் வேறொருவர். இத்தனை கைகள் மாறும்போது பொறுப்பு யாருடையது? கைகள் கூடக் கூடப் பொறுப்பு கரைந்து போய்விடுமா? இந்த ஒரு கேள்வியைத்தான் இந்த வாரம் நாம் சிந்திக்கப் போகிறோம்.

எனக்கு நேர்ந்தது

என் உம்மா கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார்கள். "படுக்கைப் புண் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஏர் பெட் ஒன்று உடனே வாங்கிப் போடுங்கள்" என்றார் டாக்டர். எங்கள் கடைத்தெருவிலேயே மருத்துவச் சாதனங்கள் விற்கும் கடை ஒன்று உண்டு. அங்கே விலை கொஞ்சம் கூடுதல். என் தங்கை மகன் போனில் பார்த்துவிட்டு, "மாமா, இதுல ஐந்நூறு ரூபா கம்மி. ஸ்டாக் இருக்குன்னு போட்டிருக்கான், ரெண்டு நாள்ல வந்துரும்" என்றான். ஆர்டர் போட்டோம். முழுப் பணமும் கட்டினோம்.

இரண்டு நாள் ஆனது, வரவில்லை. மூன்றாம் நாள் "இன்று வந்து சேரும்" என்று செய்தி வந்தது. இரவு பத்து மணிக்குத் தேதி மாறியது. மறுநாளும் அப்படியே. ஐந்தாம் நாள் டெலிவரி கொடுக்கும் தம்பி ஒருவர் பக்கத்து வீட்டுக்கு வேறு ஏதோ பொட்டலத்தோடு வந்தார். நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். சத்தம் போட்டேன். அந்தத் தம்பி தலையைக் குனிந்துகொண்டு, "பாய், என் கையில வந்தாத்தானே நான் கொண்டு வர முடியும்? என் பையில போடுறதைத்தான் எனக்குத் தெரியும்" என்றார். அதற்கும் பேசினேன்.

ஒன்பதாம் நாள் ஆர்டர் ரத்து என்று செய்தி வந்தது. காரணம் என்ன தெரியுமா? விற்பவரிடம் சரக்கே இல்லை. முதல் நாளிலிருந்தே இல்லை. பணம் திரும்பி வந்தது, ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஆனால் அதற்குள் என் உம்மாவின் முதுகில் புண் விட்டுவிட்டது. அந்தப் புண் ஆற மூன்று மாதம் ஆனது.

அன்பானவர்களே! என் பணத்தை யாரும் திருடவில்லை. என்னிடமிருந்து எடுக்கப்பட்டது வேறு. "எங்களிடம் சரக்கு இல்லை" என்று முதல் நாளே ஒரு வரி சொல்லியிருந்தால், ஐந்நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்து, அன்று மாலையே நம் கடைத்தெருவில் வாங்கியிருப்பேன். முடிவெடுக்கும் வாய்ப்பை அந்தப் பொய்யான ஒரு வரி என்னிடமிருந்து பறித்துக்கொண்டது. வியாபாரம் என்பது இரு தரப்பின் மனப்பொருத்தத்தால் நடக்க வேண்டும் என்பது குர்ஆன் கற்றுத் தந்த அடிப்படை. உண்மை தெரியாதவனின் சம்மதம் எப்படி மனப்பொருத்தம் ஆகும்?

மதீனாவின் தானியக் குவியல்

ஒரு முறை நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் சந்தையில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றார்கள். அதற்குள் தமது கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மேலே உலர்ந்திருக்கிறது, உள்ளே நனைந்திருக்கிறது. இது என்ன என்று வியாபாரியிடம் கேட்டார்கள். மழை பெய்து நனைந்துவிட்டது என்று அவர் சொன்னார். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவன் தம்மைச் சார்ந்தவன் அல்லன் என்று எச்சரித்தார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் பதிவாகியிருக்கும் இந்த நிகழ்ச்சி நாம் பல முறை கேட்டதுதான்.

இன்று ஒரு விஷயத்தை மட்டும் கூர்ந்து கவனியுங்கள். அந்த வியாபாரி சொன்ன காரணம் பொய்யல்ல. மழை உண்மையாகவே பெய்திருக்கிறது. மழைக்கு அவர் பொறுப்பல்ல. ஏன் நனையவிட்டாய் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்கவும் இல்லை. நனைந்ததை ஏன் கீழே வைத்தாய் என்பதுதான் கேள்வி. மழை அல்லாஹ்வின் நாட்டம். அடியில் தள்ளியது மனிதனின் கை.

இன்றைய வியாபாரத்தை அளக்க இந்த ஒரு நிகழ்ச்சியே நமக்குப் போதுமானது.

மழைகள் பல விதம்

2021 மார்ச் 23 அன்று "எவர் கிவன்" என்ற 400 மீட்டர் நீளமுள்ள சரக்குக் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்காகச் சிக்கிக்கொண்டது. ஆறு நாட்கள் அந்தப் பாதை அடைபட்டுக் கிடந்தது. நூற்றுக்கணக்கான கப்பல்கள் இரு பக்கமும் காத்து நின்றன. 2023-இன் இறுதியிலிருந்து செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, பல நிறுவனங்கள் தங்கள் கப்பல்களை ஆப்பிரிக்காவின் தென் முனையைச் சுற்றி அனுப்பின. பயணம் பத்து நாளுக்கும் மேல் நீண்டது. அந்தக் கப்பலில் சரக்கு வைத்திருந்த ஒரு சிறு கடைக்காரர் என்ன செய்வார்? இது மழை. அவர் மேல் குற்றமில்லை. ஆனால், "என் சரக்கு கடலில் நிற்கிறது, ஒரு மாதம் ஆகும், காத்திருப்பீர்களா, பணத்தைத் திருப்பித் தரட்டுமா?" என்று வாடிக்கையாளரிடம் அன்றே சொல்லிவிட்டால் அவர் நனைந்ததை மேலே வைத்துவிட்டார். "நாளை வரும், நாளை வரும்" என்று இழுத்தால் அடியில் தள்ளிவிட்டார்.

முன்பணம் கொடுத்து ஆர்டர் செய்வது மார்க்கத்திற்குப் புதிதல்ல. நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது, அங்குள்ளவர்கள் ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்து வரப்போகும் பேரீச்சம்பழத்திற்கு இப்போதே பணம் கொடுத்து வைப்பார்கள். அதை நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. அளவும் எடையும் தெரிந்ததாக இருக்க வேண்டும், தவணையும் தெரிந்ததாக இருக்க வேண்டும் என்று ஒழுங்குபடுத்தினார்கள். இதைத்தான் ஃபிக்ஹில் "ஸலம்" என்கிறோம். ஒரு வருடத் தாமதத்தையே மார்க்கம் ஏற்றுக்கொள்கிறது. ஏன்? சொல்லப்பட்ட தாமதம் அது. இரண்டு நாள் என்று சொல்லி ஒன்பது நாள் ஆக்குவதை ஏற்கவில்லை. காத்திருப்பது வாங்குபவருக்குச் சிரமம்தான், ஆனால் தெரிந்து காத்திருப்பது அவர் ஏற்றுக்கொண்ட சிரமம். தெரியாமல் காத்திருக்க வைப்பது அநியாயம்.

"ஸ்டாக் உள்ளது" என்பதன் பொருள்

"ஸ்டாக் உள்ளது" என்று திரையில் வருகிறதே, அது என்ன? யாரோ ஒருவர் அலமாரியைப் பார்த்துவிட்டு நமக்குச் சொல்வதல்ல. கணக்கில் இருக்கும் ஓர் எண் அது. பொருள் உடைந்திருக்கலாம், திருடு போயிருக்கலாம், இடம் மாறி வைக்கப்பட்டிருக்கலாம். இரண்டு விதமான சோப்பை வாங்கியவருக்கு ஒரே சோப்பை இரண்டு முறை ஸ்கேன் செய்து பில் போட்டிருக்கலாம். அப்போது ஒன்றின் கணக்கு கூடுதலாகக் குறையும், மற்றதன் கணக்கு குறையாமலே நிற்கும். அமெரிக்காவில் ஒரு பெரிய சில்லறை நிறுவனத்தின் 37 கடைகளில் ஏறக்குறைய 3,70,000 இருப்புக் கணக்குகளைச் சரிபார்த்த ஆய்வு ஒன்று 2008-இல் வெளியானது. அவற்றில் 65 சதவீதம் உண்மையான இருப்போடு ஒத்துப்போகவில்லை. கணக்கு ஒன்று, அலமாரி ஒன்று.

இதில் பெரும்பகுதி கவனக்குறைவு. மழையைப் போல என்றுகூடச் சொல்லலாம். ஆனால் கவனக்குறைவு எங்கே முடிந்து, மறைப்பு எங்கே தொடங்குகிறது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் பெயர் பெற்ற டார்கெட் நிறுவனம் 2013-இல் கனடாவில் கடைகளைத் திறந்தது. மொத்தம் 133 கடைகள். மக்கள் ஆசையோடு போனார்கள். பல அலமாரிகள் காலியாக இருந்தன. அதே நேரத்தில் அந்நிறுவனத்தின் கிடங்குகளில் சரக்கு நிரம்பி வழிந்தது. பொருள் இருக்கிறது, ஆனால் வாங்க வந்தவர் முன்னால் இல்லை. என்ன காரணம்? கடை திறக்கும் தேதி நெருங்குகிறது என்ற அவசரத்தில், ஒவ்வொரு பொருளின் விவரத்தையும் கணினியில் பதிந்தவர்கள் ஏராளமான பிழைகளைச் செய்திருந்தார்கள். சென்டிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் அங்குலம், நீளம் இருக்க வேண்டிய இடத்தில் அகலம். அதனால் எந்தப் பெட்டி எங்கே அடங்கும், எவ்வளவு அனுப்ப வேண்டும் என்ற கணக்கெல்லாம் தவறியது.

இதுவரை கவனக்குறைவு. அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். 2016-இல் கனடாவின் வணிக இதழ் ஒன்று அங்கே வேலை செய்தவர்களைப் பேட்டி கண்டு எழுதியது. எந்தப் பொருள் கடைகளில் தீராமல் இருக்கிறது என்பதை வைத்துத்தான் அங்குள்ள சில அலுவலர்களின் வேலை மதிப்பிடப்பட்டது. பொருள் தீர்ந்தால் தானாகவே மறுபடியும் அனுப்பும் ஏற்பாடு கணினியில் உண்டு. அதை அணைத்து வைத்துவிட்டால், அந்தப் பொருள் தீர்ந்துவிட்டது என்று கணினி அறிவிக்காது. சிலர் அதை அணைத்து வைத்தார்கள். தலைமை அலுவலகத்தில் கணக்கு அழகாக இருந்தது. கடையில் அலமாரி காலியாக இருந்தது. இரண்டே ஆண்டுகளில், 2015 ஜனவரியில், கனடாவை விட்டே வெளியேறுவதாக அந்நிறுவனம் அறிவித்தது. சுமார் 17,600 பேரின் வேலை போனது. வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல உண்டு. ஆனால் இந்த ஒரு காரணம் நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும்.

சகோதரர்களே! இங்கே மூன்று நிலைகள் இருக்கின்றன. ஒன்று, தெரியாமல் இருப்பது. இரவில் மழை பெய்தது, காலையில்தான் பார்க்கிறான். அவன் மேல் குற்றமில்லை. இரண்டாவது, தெரிந்தும் மறைப்பது. அது மோசடி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மூன்றாவது ஒன்று இருக்கிறது. நமக்குத் தெரியாமல் இருப்பதற்கு நாமே ஏற்பாடு செய்துகொள்வது. ஈரம் பட்டால் சொல்ல வேண்டி வருமே என்று குவியலுக்குள் கையே விடாமல் இருப்பது. சாட்சி சொல்லும் விளக்கை நாமே அணைத்துவிட்டு, "எனக்குத் தெரியாதே" என்பது. கைகள் பல மாறும் இன்றைய வியாபாரத்தில் நடப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான். விற்பவர் கிடங்கைக் காட்டுவார், கிடங்கு வண்டியைக் காட்டும், வண்டி கணினியைக் காட்டும். "எனக்குத் தெரியாது" என்று எல்லோருமே உண்மையாகச் சொல்வார்கள். ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய கடமை ஒவ்வொருவருக்கும் இருந்ததே! அதைப் பற்றி மறுமையில் கேள்வி வராது என்றா நினைக்கிறோம்?

இமாம் அபூஹனீஃபாவின் சரக்கு

நம் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபாவில் துணி வியாபாரம் செய்தவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். தம் கூட்டாளியிடம் ஒரு முறை சரக்கை ஒப்படைத்து விற்கச் சொன்னார்கள். அதில் ஓர் ஆடையில் குறை இருந்தது. "இந்தக் குறையை வாங்குபவரிடம் சொல்லி விற்க வேண்டும்" என்று கூட்டாளியிடம் எடுத்துச் சொன்னார்கள். கூட்டாளி எல்லாவற்றையும் விற்றார். அந்தக் குறையைச் சொல்ல மறந்துவிட்டார். வாங்கியவர் யார் என்பதும் அவருக்குத் தெரியவில்லை. இமாம் அவர்கள் என்ன செய்தார்கள்? அந்தச் சரக்கு விற்ற தொகை முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

"நான் சொன்னேன், அவர்தான் சொல்லவில்லை" என்று இமாம் அவர்கள் ஒதுங்கியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் அவர்கள் பார்த்தது வேறு கோணத்தில். குறையுள்ள ஆடை ஒருவர் வீட்டுக்குப் போய்விட்டது. அந்த மனிதருக்குத் தெரியாது. அவர் கொடுத்த பணம் என் பையில் இருக்கிறது. பணம் என்னிடம் வந்து சேர்ந்ததென்றால் பொறுப்பும் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. இதுதான் நாம் ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்குப் பதில். கைகள் கூடினால் பொறுப்பு கரைவதில்லை. ஒவ்வொரு கைக்கும் அதனதன் பங்கு முழுமையாக உண்டு. காசை வாங்கிய கைக்கு எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும் கடமை உண்டு.

கையில் இல்லாததை விற்பது

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நம்மில் பலரும் இன்று வியாபாரிகள்தான். வாட்ஸப்பில் புர்கா படம் போட்டு விற்கும் சகோதரிகள் இருக்கிறார்கள். சூரத்திலும் திருப்பூரிலும் இருக்கும் சரக்கை இங்கிருந்தே விற்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். ஹலாலாகச் சம்பாதிக்க நினைக்கும் உங்கள் முயற்சியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆனால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் இதே கேள்வியை நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். தம்மிடம் இல்லாத பொருளைக் கேட்டு ஒருவர் வருகிறார். அவருக்கு விற்றுவிட்டு, பிறகு சந்தைக்குப் போய் வாங்கிக் கொடுக்கலாமா? தம்மிடம் இல்லாததை விற்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஏன் இந்தத் தடை? சந்தையில் கிடைக்காமல் போகலாம், விலை ஏறலாம், வேறு தரம் வரலாம். அப்போது வாங்கியவர் நடுவில் நிற்பார். என் உம்மாவின் படுக்கை நடுவில் நின்றதே, அதுபோல.

அதற்காக இந்த வியாபாரத்தையே விட்டுவிட வேண்டுமா? இல்லை, நேரான வழிகள் இருக்கின்றன. மொத்த வியாபாரியிடம் பேசி அவருடைய முகவராக இருங்கள், கமிஷன் வாங்குங்கள், "சரக்கு அவருடையது, நான் ஏற்பாடு செய்து தருகிறேன்" என்று வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். அல்லது முதலில் வாங்கி உங்கள் கைக்கு வந்த பிறகு விற்பனை செய்யுங்கள். அல்லது ஸலம் முறையின் நிபந்தனைகளைப் பேணி, முழு விலையை முன்கூட்டியே பெற்று, தரம், அளவு, தேதி எல்லாவற்றையும் தெளிவாகப் பேசி ஒப்பந்தம் செய்யுங்கள். மத்ஹபுகளுக்கு இடையே விவரங்களில் வித்தியாசம் உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் போய் உட்கார்ந்து உங்கள் வியாபாரத்தை விளக்கிக் கேட்டுக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடம் உங்கள் சம்பாத்தியத்தை ஹலாலாக்கும்.

"இன்னும் 2 மட்டுமே உள்ளன, சீக்கிரம்!" என்று பொய்யாகப் போட்டு அவசரப்படுத்துவதும் வேண்டாம். பொய் அவசரம் காட்டி வாங்க வைப்பது உட்பட 13 விதமான தந்திரங்களை நம் நாட்டின் நுகர்வோர் ஆணையம் 2023 நவம்பரில் தடை செய்திருக்கிறது. சட்டம் இன்று தடுப்பதை நம் மார்க்கம் அன்றே தடுத்துவிட்டது. வாங்கும் எண்ணமே இல்லாமல் விலையை ஏற்றிக் கேட்டு அடுத்தவரைத் தூண்டிவிடும் "நஜ்ஷ்" கூடாது என்று நாம் ஹதீஸில் படிக்கவில்லையா?

உரிமையைக் கேட்பது தவறல்ல

ஏமாற்றப்பட்டால் பொறுமை என்ற பெயரில் வாயை மூடிக்கொள்ளத் தேவையில்லை. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, நீங்கள் கொடுத்த புகாரைப் பெற்றுக்கொண்டதாக 48 மணி நேரத்தில் நிறுவனம் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்திற்குள் தீர்வு சொல்ல வேண்டும். பழுதான பொருள், படத்தில் காட்டியதற்கு மாறான பொருள் வந்தால் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. கேட்டும் நடக்கவில்லையா? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். சத்தம் போட வேண்டிய இடம் அது. வாசலில் நிற்கும் தம்பியிடம் அல்ல.

கடைசிக் கை நம்முடையது

இப்போது நம் பக்கம் வருவோம். ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இன்னொரு ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. வாங்குபவர், விற்பவர் இருவரும் உண்மை பேசி, குறையைத் தெளிவுபடுத்தினால் அந்த வியாபாரத்தில் இருவருக்கும் பரக்கத் செய்யப்படும், மறைத்துப் பொய் சொன்னால் பரக்கத் அழிக்கப்படும் என்பது அதன் கருத்து. கவனியுங்கள், விற்பவர் மட்டுமல்ல, வாங்குபவரும் அதில் சேர்த்தி. நாமும் ஒரு கைதான். கடைசிக் கை.

நம் கையில் எத்தனை ஈரம் இருக்கிறது? ஒரு கல்யாணத்துக்குச் சட்டையை வாங்கி, அட்டையைக் கிழிக்காமல் உடுத்திவிட்டு, மறுநாள் "அளவு சரியில்லை" என்று திருப்பி அனுப்புகிறோம். நம் கையால் உடைந்ததை "உடைந்தே வந்தது" என்கிறோம். பொருள் வந்தபின் பணம் என்று ஆர்டர் போட்டுவிட்டு, அதற்குள் வேறிடத்தில் வாங்கிக்கொண்டு, வாசலுக்கு வந்தவரைத் திருப்பி அனுப்புகிறோம். போனையும் எடுப்பதில்லை. அந்தப் பொட்டலம் திரும்பிப் போகும் செலவு யார் தலையில்? பெரிய நிறுவனம்தானே என்று நினைக்கிறோம். பல நேரங்களில் அதற்குப் பின்னால் இருப்பவர் நம்மைப் போன்ற ஒரு சிறு வியாபாரி. திரும்பி வந்த சட்டையை அடுத்து வாங்கப்போவது நம்மைப் போன்ற ஒரு குடும்பம்.

தட்டுப்பாடு வரும்போது நாம் செய்வதையும் யோசியுங்கள். இந்தத் துறையில் பிரபலமான ஓர் உதாரணம் உண்டு. குழந்தைகளுக்கான பாம்பர்ஸ் தயாரிக்கும் நிறுவனம் தன் கணக்குகளைப் பார்த்து ஆச்சரியப்பட்டது. குழந்தைகள் தினமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் மொத்த வியாபாரிகளிடமிருந்து வரும் ஆர்டர் ஒரு மாதம் ஏறுகிறது, ஒரு மாதம் இறங்குகிறது. ஏன்? தட்டுப்பாடு வருமோ என்று ஒவ்வொருவரும் தன் தேவையைக் கொஞ்சம் கூட்டிக் கேட்பதும் ஒரு காரணம். கைக்குக் கை அது பெரிதாகிக்கொண்டே போகிறது. சாட்டையின் பிடியை லேசாக அசைத்தால் நுனி எப்படிச் சுழன்று அடிக்கிறதோ அப்படி. 1997-இல் ஆய்வாளர்கள் இதை விரிவாக விளக்கினார்கள். கொரோனாவின் தொடக்கத்தில் நாம் மூட்டை மூட்டையாக வாங்கிக் குவித்தோமே, நினைவிருக்கிறதா? நாம் கூடுதலாக எடுத்த ஒவ்வொன்றும், தினக்கூலி வாங்கி மாலையில் கடைக்கு வந்த ஒருவர் கண்ட காலி அலமாரி. பதுக்கல் மொத்த வியாபாரிகளின் பாவம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கிக்கொண்டு, பிறருக்கு அளக்கும்போது குறைப்பவர்களுக்குக் கேடு என்று குர்ஆன் ஒரு அத்தியாயத்தையே தொடங்குகிறது. நமக்கு வர வேண்டியது நாளையே வர வேண்டும், சொன்னபடி வர வேண்டும், குறையில்லாமல் வர வேண்டும். நாம் கொடுக்கும் வார்த்தையும் திருப்பி அனுப்பும் பொருளும் எப்படியும் இருக்கலாமா? அதே தராசில் நாமும் நிற்க வேண்டும்.

அந்தத் தம்பியின் பதில்

உம்மாவின் புண் ஆறிக்கொண்டிருந்த நாட்களில் அதே டெலிவரி தம்பி மறுபடியும் எங்கள் தெருவுக்கு வந்தார். நான் இறங்கிப் போய், "தம்பி, அன்னைக்கு உங்க மேல தப்பில்லாம சத்தம் போட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "விடுங்க பாய், நீங்க கொஞ்சமாத்தான் திட்டுனீங்க" என்றார்.

அந்த வார்த்தை இன்னும் எனக்குள் குத்திக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் மற்ற வாசல்களில் அவர் எவ்வளவு கேட்டிருப்பார்! வாரா வாரம் மிம்பரில் நின்று நற்குணம் பற்றிப் பேசும் நான், கொஞ்சமாகத் திட்டியவர்களின் பட்டியலில் இருக்கிறேன். சரக்கில்லாமல் விற்றவர் யாரென்று எனக்குத் தெரியாது. கணக்கை எழுதியவரைத் தெரியாது. என் கண்ணுக்குத் தெரிந்த ஒரே கை அவருடையதுதான். அதனால் எல்லோருடைய குற்றத்தையும் அந்தக் கையில் வைத்துவிட்டேன். ஒளிந்திருப்பவர்கள் தப்பித்துக்கொள்ள, கண்ணில் படுபவர் அடி வாங்குகிறார். இதுவும் அநியாயம்தான். இதைச் செய்தது நான்.

எனவே அன்பானவர்களே, இந்த வாரம் மூன்று காரியங்களை நிய்யத் வைப்போம். விற்பவராக இருந்தால், இல்லாததை இல்லை என்றும், தாமதத்தைத் தாமதம் என்றும் பணம் வாங்கும் முன்பே சொல்வோம். நடுவில் நிற்பவராக இருந்தால், கிடங்கில் எண்ணுபவராக, கணினியில் பதிபவராக, பொட்டலம் கட்டுபவராக இருந்தால், அந்த ஓர் எண்ணுக்குப் பின்னால் ஒரு நோயாளியின் படுக்கை இருக்கலாம் என்று நினைத்து அமானிதத்தோடு எழுதுவோம். வாங்குபவராக இருந்தால், உண்மையைச் சொல்லித் திருப்பி அனுப்புவோம், தேவைக்கு மட்டும் வாங்குவோம், வாசலுக்கு வருபவருக்கு ஒரு தம்ளர் தண்ணீரும் ஒரு நல்ல வார்த்தையும் கொடுப்போம்.

மழை எப்போதும் பெய்யும். கப்பல் நிற்கும், வண்டி பழுதாகும், கணக்கு தவறும். இவற்றைத் தடுக்க நம்மால் முடியாது. நனைந்ததை மேலே வைக்க நம் ஒவ்வொருவராலும் முடியும்.

யா அல்லாஹ்! எங்கள் சம்பாத்தியத்தை ஹலாலாக்குவாயாக! எங்கள் கொடுக்கல் வாங்கலில் உண்மையையும் பரக்கத்தையும் தருவாயாக! நாங்கள் அறிந்து மறைத்ததையும், அறிந்துகொள்ளாமல் ஒதுங்கியதையும் மன்னிப்பாயாக! எங்கள் வாசலுக்கு உழைத்து வருபவர்களின் மனத்தை நோகடித்த பாவத்தை மன்னிப்பாயாக! நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!